புதன்கிழமை ஆறேகால் முதல் எட்டரை வரை

ஜனவரி 24, புதன்

வக்கீல் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு பன்னிரண்டாம் வகுப்போடு அறுந்துவிட்டது. அதிலும் கணக்கும் வேதியியலும் என்னை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டன.

"ஒவ்வொரு புதன்கிழமையும் குழந்தை எத்தனை மணிக்கு வந்தது, என்ன சமைச்சுக் குடுத்தீங்க, எப்படிச் சாப்பிட்டது, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வையுங்க தண்டபாணி. மார்ச் இருபத்தொண்ணாம் தேதி ஜட்ஜம்மா குழந்தையைத் தனியாக் கூப்பிட்டுப் பேசிட்டு முடிவு சொல்லுவாங்க. அன்னைக்கு நம்ம கையில ஏதாச்சும் இருக்கோணும்" என்றார்.

நான் கேட்டிருப்பது இதுதான்: மிருதுளா சனிக்கிழமை ராத்திரி என்னோடு தங்க வேண்டும், கோடை விடுமுறையில் பாதி நாள் என் வீட்டில் இருக்க வேண்டும். அவளுக்கு ஒன்பது வயது. முடிவாகும் வரை வாரத்தில் ஒரு நாள், புதன் சாயங்காலம் ஆறேகால் முதல் எட்டரை வரை கோர்ட்டு கொடுத்திருக்கிறது. சுகந்தி என் மனைவி. போன ஆடியிலிருந்து அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். என் மனுவுக்கு நாலு பக்கம் பதில் போட்டிருக்கிறாள். அதில் என்னால் சமாளிக்க முடிகிற வரி ஒன்றுதான் இருந்தது: 'அவருக்குச் சமைக்கத் தெரியாது.' சரி, கற்றுக்கொண்டால் போயிற்று. மீதிப் பக்கங்களை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

ஒர்க்‌ஷாப்பில் ஐந்தரைக்கு விடுவார்கள். பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற வேலை. வண்டியை விரட்டினால் ஆறு மணிக்கு வீடு. ஏழு மணிக்குத் தட்டில் ஏதாவது இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட சமையல் எது என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு ஆறு பேரும் சேர்ந்து உப்புமா என்றார்கள்.

ஆறு இருபதுக்கு வந்தாள். மைத்துனன் லோகநாதன் கேட்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டான். ரவையை வறுக்காமல் போட்டதால் உப்புமா கோலிகுண்டு கோலிகுண்டாக வந்தது. நான் ஒரு வாய் எடுத்து விழுங்கும் வரை மிருதுளா தட்டில் கை வைக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பெரியவர்கள் முதலில் சாப்பிட வேண்டும் என்று சுகந்தி வளர்த்திருக்கிறாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

தட்டைக் காலி செய்தாள். "நல்லாருக்குதுங்கப்பா" என்றாள்.

ஜனவரி 25, வியாழன்

வாணலி இன்னும் ஊறுகிறது.

ஜனவரி 31, புதன்

தங்கமணியக்காவிடம் கேட்டு அரிசிம்பருப்புச் சாதம். அக்கா என் எதிர் மேஜையில் காயில் சுற்றுகிறவர். "அதொண்ணும் வித்தையில்ல தம்பி. கொங்கு நாட்டுல பொறந்துட்டு அரிசிம்பருப்பு வெக்கத் தெரியாதுன்னா வெளிய சொல்லாத" என்றார்.

ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி ஊறவைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்ற வேண்டும். குக்கரில் எண்ணெய், கடுகு, சீரகம், வரமிளகாய், ஒரு கை சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தக்காளி. மூன்றரை டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், உப்பு. மூன்று விசில். மேலே நெய். இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு குடும்பமே சாப்பிடலாம். இது தெரியாமல் நாற்பத்திரண்டு வயது வரை ஒரு மனுஷன் இருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு தப்பு. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். முதல் வாய் வைத்தபோது கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. கௌரவம் பார்த்துக்கொண்டு விழுங்கினேன். மிருதுளாவும் விழுங்கினாள்.

"தயிர் ஊத்தட்டுமா அம்மிணி?"

"வேண்டாங்கப்பா. நல்லாருக்குது."

ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. பிறகு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள். அப்பன் மேல் பாசமில்லாத பிள்ளை அந்தச் சாதத்தைச் சாப்பிட்டிருக்குமா? இதை ஜட்ஜம்மா கவனிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத் தட்டுகள் ஒன்றும் தரையில் சமமாக உட்காராது. விளிம்பெல்லாம் வளைந்திருக்கும். பிசையும்போது ஆடும். கல்யாணத்துக்கு வந்த தட்டுகள், பதிமூன்று வருடமாகிறது, வயதானால் யாருக்குத்தான் வளையாது. மிருதுளா இடது கையால் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே சாப்பிடப் பழகியிருக்கிறாள்.

பிப்ரவரி 7, புதன்

தக்காளி சாதம், முட்டைப் பொரியல். சாதத்தைக் காலையிலேயே வடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் தொக்கு மட்டும் வதக்கிக் கிளறினால் வேலை முடிந்தது. முட்டைக்கு மிளகு போதும், மிளகாய்த்தூள் வேண்டாம். ஆறு ஐம்பதுக்கு ரெடி.

காலி செய்தாள். நல்லாருக்குதுங்கப்பா.

பிப்ரவரி 8, வியாழன்

மத்தியானம் தங்கமணியக்காவிடம் பெருமையடித்தேன். "மூணு வாரமாச்சுங்கக்கா. ஒரு நாள் ஒரு கொற சொல்லல எம்புள்ள."

அக்கா டிபன் பாக்ஸை மூடப்போனவர் நிறுத்திவிட்டார். "கொறையே சொல்லலையா?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"உப்ப அள்ளிக் கொட்டினியே, அன்னைக்கு?"

"அன்னைக்கும்தான்."

"எங்கூட்டுல ரெண்டும் சட்டிய எட்டிப் பாத்தே மொகத்தச் சுளிக்கும். கத்திரிக்காயான்னு ஒண்ணு அழும். காரமுன்னு இன்னொண்ணு தட்டத் தள்ளும். நாலு சாத்து வெச்சாலும் அடுத்த நாளும் அதே பேச்சுத்தான்."

"வளர்ப்பு அப்படிங்கக்கா."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அது சரி" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். பொறாமைதான்.

பிப்ரவரி 14, புதன்

இன்று நல்ல நாள். விவரமாக எழுத வேண்டும்.

சேமியா. கேரட், பீன்ஸ் நறுக்க மிருதுளாவைக் கூட உட்கார வைத்தேன். வெங்காயத்துக்கு மட்டும் நான். கண் எரிகிறதே என்று ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் போடும்போது மாட்டுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு, கேரட்டெல்லாம் உருண்டு ஓடிவிட்டது.

"ஏனுங்கப்பா, தவளை மாதிரியே இருக்கறீங்க."

"தவளைதான் அம்மிணி. கெணத்துல போட்டாலும் சமைக்கும்."

அவள் வகுப்பில் ஒரு பையன் திருக்குறள் ஒப்பிக்கும்போது பாதியில் மறந்துவிட்டு, 'மீதி நாளைக்குங்க டீச்சர்' என்றானாம். அதை நடித்துக் காட்டினாள். இந்த வீட்டில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

சேமியாவில் மிளகாய் போடும்போது பக்கத்தில் வந்து நின்று மெதுவாக, "ஒண்ணு போதுங்கப்பா, காரமாயிரும்" என்றாள்.

"அட, இத்தன நாளு சொல்லாம இருந்துட்டு இப்பத்தான் வாயத் தொறக்கறியா?"

"இப்பச் சொல்லலாமுங்க. அடுப்புக்கிட்ட இருக்கறப்பச் சொல்லலாம். தட்டுல வெச்சப்புறம் சொல்லக்கூடாது."

"யாரு சொன்னது?"

"அம்மாவும் நானும் பேசி வெச்சிருக்கறமுங்க. வெக்கறதுக்கு முன்னாடி அம்மா ஒரு சொட்டு என்ர கையில ஊத்துவாங்க. நான் பாத்துட்டு உப்பு, காரம் சொல்லிருவேன். அப்பறந்தான் உங்களுக்கு வெப்பாங்க."

நல்ல ஏற்பாடு. ஒர்க்‌ஷாப்பில்கூட இப்படி வைக்கலாம், மோட்டாரை வெளியே அனுப்புகிறதுக்கு முன்னால் ஓட்டிப் பார்க்கிற மாதிரி.

சிரித்துக்கொண்டிருந்தவள் தட்டு வைத்ததும் பழையபடி வாயை மூடிக்கொண்டாள். காலி செய்தாள்.

பிப்ரவரி 21, புதன்

காய்ச்சலாம். வரவில்லை. ரசம் வைத்திருந்தேன். நானே குடித்தேன்.

பிப்ரவரி 28, புதன்

ஆறு இருபதுக்கு வந்தாள். கடை மாவு வாங்கித் தோசை, தக்காளிச் சட்னி. எட்டரைக்கு லோகநாதன் வந்து கூட்டிப்போனான். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 29, வியாழன்

நேற்று விசேஷமில்லை என்று எழுதியது பொய். இன்று வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று போனில் சொல்லிவிட்டேன். அது பொய்யா இல்லையா தெரியவில்லை.

நேற்று முதல் தோசை ஊற்றும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மிருதுளா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கழுவிய தட்டை ஈரத்தோடு எடுத்தேன். வழுக்கியது. தரையில் விழுந்து, சுவரில் இடித்து, சுற்றிச் சுற்றி, எவர்சில்வர் சத்தம் அடங்கவே அரை நிமிடம் ஆயிற்று. சிரிப்புக்காட்டலாம் என்று, "பாத்தியா அம்மிணி, அப்பன் சர்க்கஸ்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் இல்லை. சமையலறை மூலையில் கிடந்த கரித்துணியை எடுத்துக்கொண்டு வந்து, தட்டு விழுந்த இடத்தில் மண்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தட்டில் ஒன்றுமே இல்லை. தரையில் ஒன்றுமே சிந்தவில்லை. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுவரையும் துடைத்தாள், தன் கைக்கு எட்டுகிற உயரம் வரை.

"நீங்க உக்காருங்கப்பா. நான் தொடச்சர்றேன். வேற தட்டு கொண்டாறேன்" என்றாள். அழவில்லை. நடுங்கவில்லை. பழகிய வேலையைச் செய்கிற ஆள் மாதிரி, வேகமாக, சத்தமில்லாமல். தங்கமணியக்கா காயில் சுற்றுவது மாதிரி.

"கண்ணு, அது வெறுந்தட்டு. கை தவறி விழுந்துது."

"செரிங்கப்பா" என்றாள். துணியை விடவில்லை.

கல்லில் தோசை கருகியது. அதையும் சாப்பிட்டாள். நல்லாருக்குதுங்கப்பா என்றாள்.

மார்ச் 2, சனி

சுகந்தியின் நாலு பக்கத்தை இன்று முழுதாகப் படித்தேன். தட்டச்சு செய்த தாள், நகல். இரண்டு மாதமாக டிவி மேல் இருந்தது, அதன் மேல் நான் வண்டிச் சாவி வைப்பேன்.

மூன்றாம் பக்கத்தில் அவளும் என்னைப் போலவே எழுதியிருக்கிறாள். தேதி, அன்றைக்கு என்ன சமையல். சாம்பார் ஆறியிருந்தது. பொரியலில் முடி. சப்பாத்தி தடிமன். குழந்தைக்குப் பரீட்சை என்று இட்லியும் சட்னியும் மட்டும். பிறகு, 'தட்டை வீசினார்'. ஒவ்வொன்றின் முடிவிலும் அதே இரண்டு வார்த்தை. மொத்தம் பதினொன்று.

எனக்கு நாலுதான் நினைவிருக்கிறது.

ஒரு தேதிக்குக் கீழே மட்டும் இன்னொரு வரி இருக்கிறது: 'நான் கையில் சூடு பட்டு மருந்து போட்டுக்கொண்டிருந்ததால் தரையைக் குழந்தை துடைத்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.'

யாரையும் ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை என்று வக்கீலிடம் சொல்லியிருந்தேன். அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூட இருந்தேன். என் கோபம் அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, சட்டென்று வந்து சட்டென்று அடங்கிவிடும் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். பால் பொங்கினால் துடைக்கிறது யார் என்று யாரும் கேட்டதில்லை.

முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளே, நான் முதல் வாய் விழுங்கும் வரை. நல்ல வளர்ப்பு என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 6, புதன்

புதுத் தட்டுகள் வாங்கினேன், பிளாஸ்டிக். விழுந்தாலும் சத்தம் கேட்காது.

தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். உருளையை முதலில் அரை வேக்காடு வேகவைத்தால் எண்ணெயில் பத்து நிமிடம் போதும். தட்டில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "அம்மிணி, உப்பு கம்மின்னா சொல்லு. பிடிக்கலைன்னா வெச்சுரு. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் கை நின்றுவிட்டது. நான் எதை எதிர்பார்த்துக் கேட்கிறேன், எதைச் சொன்னால் தப்பிக்கலாம் என்று யோசிக்கிறாள். ஒன்பது வயதுக் குழந்தை, தயிர் சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு.

"நல்லாருக்குதுங்கப்பா" என்றாள், வாயில் வைப்பதற்கு முன்னாலேயே.

நான் எழுந்து வெளியே படியில் போய் உட்கார்ந்தேன். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் பக்கம் திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவாளே. "அப்பா அப்பல்லாம் தட்ட வீசுனது தப்பு கண்ணு. உங்கம்மா சமையல்ல ஒரு தப்பும் இல்ல. எம்மேலதான் தப்பு."

உள்ளே தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "பரவால்லீங்கப்பா."

நல்லாருக்குதுங்கப்பா என்கிற அதே குரல்.

மார்ச் 13, புதன்

லோகநாதனிடம், இந்த வாரமும் அடுத்த வாரமும் வேலை இருக்கிறது, கூட்டி வர வேண்டாம் என்று சொன்னேன். வேலை ஒன்றுமில்லை.

வக்கீலைப் பார்த்து, மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னங்க தண்டபாணி, இப்பப் போயி? அந்தப் பொண்ணு ஜட்ஜ்கிட்ட உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை சொல்லாது. போன வாய்தாவுல நான் பேசிப் பார்த்தேன். அப்பா சமையல் நல்லாருக்கும்னு சொல்லுது. நம்ம பக்கம் அப்படியொரு சாட்சி."

"அதனாலதானுங்க சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எதுவானாலும் இருபத்தொன்றாம் தேதி ஜட்ஜம்மா முன்னால் பேசிக்கொள்ளலாம் என்றார். டைரியைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன்.

மார்ச் 21, வியாழன்

பெரிய ஹால் இல்லை, ஆபீஸ் ரூம் மாதிரிதான். ஜட்ஜம்மா, எழுதுகிற அம்மா ஒருவர், இரண்டு வக்கீல்கள், சுகந்தி, நான். மிருதுளாவை வெளியே பெஞ்சில் மாமன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட யூனிபார்ம், இரட்டைச் சடை. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பது மாதிரி உதடு அசைந்துகொண்டிருந்தது.

அவளை உள்ளே கூப்பிடப் போனார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"அம்மா, கொழந்தையக் கூப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கறனுங்க. எனக்குச் சனிக்கிழமையும் வேண்டாங்க, லீவும் வேண்டாங்க. புதன்கிழமையும் வேண்டாங்க."

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாராவது உங்கள வற்புறுத்தறாங்களா?"

"இல்லீங்கம்மா."

"பின்ன?"

இரண்டு நாளாக வீட்டில் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "எங்கூட்டுல எம்புள்ள பயந்துட்டுச் சாப்படறாளுங்க. மூணாம் பக்கத்துல எழுதியிருக்கறது அத்தனையும் நெசமுங்க. அவளக் கேட்டீங்கன்னா இல்லைன்னுதான் சொல்லுவா. அவ வாயில இன்னொரு பொய்ய வரவெக்க வேண்டாமுங்க."

வக்கீல் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். சுகந்தி நிமிரவில்லை. புடவைத் தலைப்பில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் கையில் அந்தச் சூட்டுத் தழும்பு இருக்கிறது, மணிக்கட்டுக்கு மேலே. பார்த்திருக்கிறேன். எப்படி வந்தது என்று கேட்டதில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். மிருதுளா எழுந்து நின்றாள்.

"முடிஞ்சுதுங்களா? என்னைக் கூப்படலையே?"

"இனிமேல் கூப்பட மாட்டாங்க கண்ணு. முடிஞ்சுது."

"அப்ப புதன்கிழமை...?"

"வரவேண்டியதில்ல."

"வேறெப்பவும்?"

"உனக்கு எப்ப வரோணும்னு தோணுதோ அப்ப. தோணலைன்னாலும் அப்பாவுக்குக் கோவம் இல்ல."

என் முகத்தைப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் பார்க்கிற பார்வை. நான் என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியாது. "செரிங்கப்பா" என்றாள். சுகந்தி வராந்தாவின் அந்தக் கடைசியில் நின்றிருந்தாள். மிருதுளா அவளைப் பார்த்து நடந்தாள். ஐந்தாறு எட்டு ஒழுங்காக, அடக்கமாக. அப்புறம் ஓட்டமெடுத்தாள். சடை இரண்டும் முதுகில் அடித்துக்கொள்ள, பெஞ்சில் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொள்ள, ஒரே ஓட்டம்.

அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

மார்ச் 27, புதன்

பழக்கத்தில் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 30, சனி

காலையில் சுகந்தி போன் செய்தாள். ஒன்பது மாதத்தில் முதல் முறை.

"ஏனுங்க, நாளைக்கு லீவுங்களா?"

"ஞாயித்துக்கெழமைதானே. லீவுதான்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பார்க்குக்கு வர்றீங்களா? ஊஞ்சல் இருக்கற பக்கம். நானும் கூட இருப்பேன். ஒரு மணி நேரம்."

"மிருதுளா கேட்டாளா?"

சுகந்தி யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்லீங்க. நாந்தான் கேட்டேன். அவ செரின்னா."

அந்தச் செரி எந்தச் செரி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"அப்ப ஏதாச்சும் செஞ்சு கொண்டாறேன். தக்காளி சாதம் இப்பல்லாம் எனக்கு நல்லா வருது. இல்லைன்னா அரிசிம்பருப்பு, அது சூடு ஆறாம ஒரு டப்பாவுல..."

"வேண்டாங்க."

"காரம் கம்மியாத்தான்..."

"சாப்பாடு ஒண்ணும் வேண்டாங்க" என்றாள் சுகந்தி. "சும்மா வாங்க."